காத்துப் போயிற்று

பதினேழு வருடம் மீட்டர் வாசித்தவன் நான்.
நொச்சிமுனையில் எந்த வளவில் எந்த நாய்,
நாவற்குடாவில் எந்தப் பெட்டிக்குள் பல்லி முட்டை,
எல்லாம் காலுக்குத் தெரியும்.
கண்ணுக்கு இலக்கம் மட்டும்தான் வேலை.

முதலில் செருப்புத்தான் சொன்னது.
வலது செருப்பு ஒழுங்கையில் எங்கோ கழன்று கிடக்க
நான் நாலு வீடு தாண்டியிருந்தேன்.
மணல் சுடவில்லை.
ஒரு பொடியன் பின்னால் ஓடிவந்து
"அங்கிள், உங்கட செருப்பு" என்று நீட்டினான்.
குனிந்து பார்த்தேன்,
வேறு யாரோ மறந்து விட்டுப்போன
காலைப் பார்ப்பது போல.

மறுகா, விழத் தொடங்கினேன்.
பகல் பதினொரு மணிக்கு
கடப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவனை
"காலையிலேயே போட்டுட்டான்" என்றார்கள்.

கண்டியில் ஸ்கேன், முதுகில் ஊசி.
டொக்டர் தாளில் கோடு கீறி
நரம்பு வயர் மாதிரி,
மேலுறையை உடம்பே தின்னுது என்றார்.
எனக்கு வயரைப் பற்றிச் சொல்கிறார்!
"அப்ப லீக் ஆகுது" என்றேன்.
"கிட்டத்தட்ட."
புனிதமலர் மட்டும் கேட்டாள்:
"மாத்தேலாதா?"

ஆஸ்பத்திரி விறாந்தையில் இருபத்தைந்து அடி.
இரண்டு முனையிலும் நீல டேப்
ஒட்டிவைத்திருக்கிறா ஃபஸ்மினா மிஸ்.
காலை எட்டு மணிக்கு ஒன்பது செக்கன்.
அதே கால், அதே தரை,
மத்தியானம் பதினெட்டு.
அவ என் கொப்பியில் எழுதினா:
வெயிலுக்கு முன் நடக்கவும்.
கழுத்தில் ஈரத் துவாய்.
விழ முன்னம் உட்காரவும்.
மூன்றாவதுதான் ஏலாது.
உட்கார மனம் வேணும்.
விழ ஒன்றும் தேவையில்லை.

இப்போது என்னையே வாசிக்கிறேன்.
குளிக்க ஆறு யூனிட்.
சேட் பொத்தானுக்கு இரண்டு.
காலில் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையை மாட்டி
சப்பாத்துக்குள் திணிக்க மூன்று.
யாராவது "இப்ப எப்படி இருக்கு" என்று கேட்டால்
பதில் சொல்ல நாலு.

தடியும் தந்தார்கள்.
பதினொரு வருடம் என்னைக் கண்டு வாலாட்டிய
மூலை வீட்டு நாய்
தடியைக் கண்டு பாய்ந்து குரைத்தது.
அன்றோடு தடி கதவுக்குப் பின்னால்.

சைக்கிள் சுவரில் சாய்ந்து கிடந்தது.
விற்பதற்காகத் துடைக்கப் போனேன்.
ஹாண்டிலைப் பிடித்தேன்,
நின்றேன்.
ஒரு அடி உருட்டினேன், அதுவும் வந்தது.
முற்றத்தை ஒருமுறை சுற்றி
கிறுகி வந்தபோது
புனிதமலர் அரிசி களைவதை நிறுத்தியிருந்தாள்.

அதன்பிறகு விடிய ஆறுக்கு
பழைய கல்லடிப் பாலம்.
ஒரு லைட் கம்பத்திலிருந்து அடுத்ததுக்கு.
சைக்கிள் உருட்டுகிறவனை
ஊரில் ஒருவரும் நோயாளி என்பதில்லை.
"என்ன, காத்துப் போயிற்றா?"
"ஓம், பின் சில்லு."
ஃபஸ்மினா மிஸ்ஸிடம் சொன்னேன், ஏசுவா என்று நினைத்து.
அவ இரண்டு பிரேக்கையும் அமத்திப் பார்த்தா,
ஹாண்டில் உயரத்தை என் மணிக்கட்டோடு அளந்து
ஒரு அங்குலம் ஏற்றச் சொன்னா.

நேற்று ஆறாவது கம்பத்தடியில்
மீன்பெட்டியோடு வந்த ஜெயசுந்தரம்
கேட்டுக்கொண்டே இறங்கி, என் பின் டயரை அமத்தினார்.
கல்லு மாதிரி இருந்தது.
டயரைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார்.
முழங்காலுக்குக் கீழே வெள்ளையாய்த் தெரிந்த
பட்டையைப் பார்த்தார்.
நான் வாவியைப் பார்த்தேன்.

மறுகா அவர் ஏறவில்லை.
பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்தார்.
"எனக்கும்தான் காத்துப் போயிற்று" என்றார்.
வெயில் ஏறத் தொடங்க
பெட்டிக்குள் கைவிட்டு ஒரு ஐஸ் கட்டி எடுத்து
என் துவாய்க்குள் சுற்றித் தந்தார்.

வீட்டில் புனிதமலர்
துவாயை மணந்து பார்த்து,
"நடக்கப் போனீங்களா, கரைவலை இழுக்கப் போனீங்களா?"
இரண்டு தரம் சோப் போட்டும்
கொடியில் இன்னும் மீன் மணக்குது.